வலது ஓரத்தில் காணாமல் போன அம்பு

அத்தியாயம் 7

"செத்த பொணத்துக்கு எதுக்கு மேடம் நாடி பாக்குறீங்க?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

பிணம் என்று அவர் சொன்னது மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரை. ஆனாலும் காணாமல் போன தம்பியைத் தேடி வந்து நிற்கும் அக்காவின் எதிரில் எந்த வார்த்தையை எடுப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? பஸ் கண்டக்டர் சீருடையில், டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்த அந்த அக்கா தோல் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 

விஷயம் இதுதான். தம்பிக்கு இருபத்து நான்கு வயது. இந்த விளம்பரப்பட ஸ்டுடியோவில் எடிட்டர். முந்தாநாள் காலை வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை என்று பதினாறு வருடமாக நாள் தவறாமல் போட்டுக்கொண்டு வருகிறான். மாத்திரை அட்டை வீட்டில் இருந்தது. இப்போது அக்காவின் பையில் இருக்கிறது.

"நாலு வேளை தப்பிடுச்சு மேடம். ஒரு வேளை தப்பினாலே டாக்டர் திட்டுவாரு. அடுத்தடுத்து வலிப்பு வந்தா நிக்கவே நிக்காதுன்னு சொல்லியிருக்காரு. போலீஸ்ல சொன்னா, உங்க தம்பி மேல திருட்டுப் புகார் இருக்கே, எங்கயாவது ஒளிஞ்சிருப்பான், வருவான்னு சிரிக்கிறாங்க. திருடனைத் தேடற வேகத்துல நோயாளியைத் தேட முடியுமா? எனக்கு அவனை விட்டா யாருமில்லை."

அக்கா காலையிலிருந்து இதை ஏழு முறை சொல்லிவிட்டார். ஏழாவது முறையும் முதல் முறை போலவே குரல் உடைந்தது.

என் மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்து போன கிடங்கைப் பார்த்துவிட்டு, இது தானாகப் பிடித்த தீயா, ஆள் வைத்துப் பிடித்த தீயா என்று சொல்கிறவர். அந்த வேலையை விட்ட பிறகும் ஊருக்கு அவர் சர்வேயரம்மாதான். நான் அவருடைய உதவியாள். தலையில் இரண்டு சுழி இருப்பதால் ரெட்டைச்சுழி. வாயில் சனி இருப்பதை யாரும் பெயராக வைக்கவில்லை.

"கேமராவுல பாருங்க," என்று ஸ்டுடியோக்காரர் போனை நீட்டினார். வாசல் கேமரா. முந்தாநாள் காலை பத்து ஐம்பது. தம்பி ஒரு துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போகிறான். அதற்குப் பிறகு அவன் வாசலுக்குள் வரவே இல்லை.

"துண்டுக்குள்ள இருக்கிறது கிராபிக்ஸ் கார்டு. படத்தை ஸ்கிரீனுக்கு அனுப்புறதே அதுதான். இந்த ஸ்டுடியோவோட உயிரே அது. அது இல்லாட்டி இந்தப் பெட்டியும் செங்கல்லும் ஒண்ணு."

"செங்கல்ல வீடாவது கட்டலாம்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்திருந்தார். ஐம்பது வயதில் இப்படித் தவழ்வதற்கு ஒரு மன உறுதி வேண்டும். அங்கிருந்தே கேட்டார்.

"இதை ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"கார்டே இல்லாத பெட்டியை எதுக்கு மேடம் ஆன் பண்ணணும்?"

"போலீஸ் பாத்தாங்களா?"

"காலி இடத்தை போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

மேடம் வெளியே வந்தார். முட்டியில் தூசி. உள்ளங்கையில் விரல் நக அளவுக்கு எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெட்டைச்சுழி, ஒருத்தன் டிவி திருட வர்றான். டிவிக்குப் போற ஒயரை என்ன செய்வான்?"

"பிடுங்கிக் கீழ போடுவான்."

"அதை இன்னொரு இடத்துல ஒழுங்கா செருகி வெச்சிட்டுப் போவானா?"

"அப்படி ஒரு திருடன் இருந்தா சொல்லுங்க மேடம், என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்தில், கார்டு இருந்த இடம் பல் விழுந்த வாய் போல இருந்தது. ஆனால் ஸ்கிரீனிலிருந்து வந்த ஒயர் தொங்கவில்லை. அதற்கு மேலே, மதர்போர்டில் இருந்த ஒரு துளைக்குள் கச்சிதமாகச் செருகியிருந்தது.

"அது சும்மா இருக்கிற ஓட்டை," என்றார் ஸ்டுடியோக்காரர் அலுப்புடன். "பிராசசருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்குன்னு விக்கிறவன் ஏதோ சொன்னான். இவ்வளவு பெரிய கார்டு இருக்கும்போது அதை யார் சீண்டுவாங்க? வாங்கின நாள்லேர்ந்து மூடி போட்டபடியே கிடந்துச்சு."

மேடம் அணைந்து கிடந்த ஸ்கிரீனை ஆன் செய்தார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

மின்விசிறி முனகியது. ஐந்து விநாடி. பத்து விநாடி. மேஜை மேல் இருந்த ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது.

ஸ்டுடியோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். இரண்டு நாளாக அந்தப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து புகார் எழுதியவர். ஒரு முறை, ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கலாம்.

"கடைசியா என்ன வேலை நடந்திருக்குன்னு பாரு," என்றார் மேடம்.

நான் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினேன். அம்புக்குறி வலது பக்கம் ஓடி, ஸ்கிரீனின் ஓரத்தில் காணாமலே போய்விட்டது. தேடித் தேடி அசைத்தேன்.

"எலி கையில இருக்கு மேடம், அம்புதான் ஓடிப்போச்சு. இந்த ஸ்டுடியோவுல எதுவுமே நிலையா இருக்காது போல."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் நாக்கு உள்ளே போனது. ஒரு வழியாக அம்பை இழுத்து வந்து எடிட்டிங் புரோகிராமைத் திறந்தேன். அதில் ரெண்டர் கணக்கு இருந்தது. ரெண்டர் என்பது துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய காட்சிகளையெல்லாம் ஒரே படமாக்கும் கடைசி வேலை. வாய்விட்டுப் படித்தேன்.

"முந்தாநாள். ஆரம்பம், மதியம் பன்னெண்டு இருபது. முடிவு, சாயங்காலம் ஆறு பத்து. வேலை முடிஞ்சதும் தானா அணையும்படி உத்தரவு."

அக்கா குனிந்து அந்த நேரங்களைத் தானும் படித்தார்.

"பத்து அம்பதுக்கு வெளியே போனவன்," என்றார் அக்கா மெதுவாக, "பன்னெண்டு இருபதுக்கு எப்படி இங்க வேலை பாத்தான்?"

அடுத்த நொடி ஸ்டுடியோக்காரரின் சட்டைக் காலர் அக்கா கையில் இருந்தது. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே நூறு பேரைச் சமாளிக்கிற கை.

"என் தம்பியை என்ன செஞ்ச? சொல்லு! உள்ள வந்தவன் எங்க?"

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது! என் கேபினுக்குள்ள கஸ்டமரோட போன்ல இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் இந்த ஸ்கிரீன் கறுப்பாத்தான் இருந்துச்சு. கேமராக்காரங்க ரெண்டு பேரும் வெளியூர். இங்க நான் ஒருத்தன்தான்!"

அவர் சொன்ன கடைசி வாக்கியம் அவருக்கே எதிராக இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, ஆள் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மேடம் மட்டும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கிழிந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் சேர்த்துக் கொடுத்த கடையின் முகவரி.

"இதைத் திறந்தா உங்களுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார்.

"திறந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றார் ஸ்டுடியோக்காரர், காலரைச் சரிசெய்துகொண்டு.

"விக்கப் போனவன் சந்தைக்குப் போவான். பயந்தவன், பெட்டியைச் செஞ்சவன்கிட்டதான் போவான். வாங்க." வாசலில் நின்று என்னிடம் திரும்பினார். "இதுல யாரும் கை வெக்கக் கூடாது. எதுவும் அழிஞ்சிடக் கூடாது."

நான் பொறுப்பான ஆள். கம்ப்யூட்டரை அணைத்தேன். அணைத்தால் மட்டும் போதாது என்று பெட்டிக்குப் பின்னால் போய், அந்த ஒயர்க் காட்டுக்குள் கையை விட்டு, கரண்ட் ஒயரையே உருவிச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் இனி எதையும் அழிக்க முடியாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

*

ரிப்பேர் கடை ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருந்தது. படி இறங்கும்போதே ஈயம் காய்கிற வாசனை. மணி பன்னிரண்டே முக்கால். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த ரிப்பேர்காரர் எங்களைப் பார்த்து, அக்காவின் முகத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"அந்த எடிட்டர் தம்பியோட அக்காவா? அதே மூக்கு. கார்டு நேத்தே ரெடி. ரெண்டு நாளா எதிர்பாக்குறேன், ஆளைக் காணோம்."

அவர் காட்டிய இடத்தில், கண்ணாடி அலமாரிக்குள், துண்டில் சுற்றியபடியே இருந்தது ஸ்டுடியோவின் உயிர்.

அக்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "திருடலை," என்றார். "என் தம்பி திருடலை." 

"திருட்டா? யாரும்மா சொன்னது? முந்தாநாள் பதினொன்னே கால் இருக்கும், நடுங்கிக்கிட்டே வந்தான். தூசி தட்டுறேன்னு பெட்டியைத் திறந்திருக்கான். ஃபேன் இறக்கை ஒண்ணு பட்டுன்னு உடைஞ்சிருக்கு. கார்டு சூடாகிப் புகை வந்திடுச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாருண்ணேன்னு அழறான். அன்னிக்கே ஒரு படம் கொடுக்கணுமாம். ஆ, இன்னொண்ணு." மேஜை டிராயரை இழுத்தார். "டார்ச் அடிச்சுக் காட்டினவன் போனை இங்கயே மறந்துட்டான். யாருக்குச் சொல்றதுன்னு தெரியலை. சார்ஜ் இறங்கி அணைஞ்சிடுச்சு."

அக்கா அந்தப் போனை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளாக அவர் கூப்பிட்ட கூப்பாடெல்லாம் இந்த டிராயருக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க அவனுக்கு என்ன சொன்னீங்க?" மேடம் கேட்டார்.

"கார்டு இல்லாமலே ஓட்டுன்னேன். அந்தப் பிராசசருக்குள்ளயே சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கு. ஒயரை மேல் ஓட்டைக்கு மாத்து, வேலை நடக்கும். ஆனா மெதுவா. கார்டுல நாப்பது நிமிஷத்துல முடியற வேலை இதுல ஆறு மணி நேரம் இழுக்கும்னேன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் சார், கார்டு வாங்கின பிறகு அந்தக் குட்டியால என்ன பிரயோஜனம்? மாமியார் வீட்ல மாப்பிள்ளை மாதிரி சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க தம்பி. ரெண்டும் தோள் கொடுத்து ஒரே சுமையை இழுக்கும்னு நினைச்சா ஏமாந்து போவீங்க, அது உண்மைதான். விளையாட்டுக்கோ பெரிய வேலைக்கோ குட்டியால ஒண்ணும் ஆகாது. ஆனா கார்டு படுத்துட்டா கை கொடுக்கிறது அதுதான். கார்டு நல்லா இருக்கும்போதும் செட்டிங்ஸ்ல எழுப்பி விட்டா, இன்னொரு ஸ்கிரீனைத் தனியா கவனிச்சுக்கும். கார்டு தன் வேலையைப் பாக்கும்." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு ஸ்கிரீன் பத்தி அந்தத் தம்பியும் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"ஆறு மணி நேரமும் பக்கத்துலயே இரு, நடுவுல தொங்கிப்போனா மறுபடி முதல்லேர்ந்து போடணும்னு சொன்னேன். பக்கத்துல உக்காந்தா முதலாளி பாத்துடுவாரேண்ணேன்னான். கொஞ்சம் யோசிச்சான். அப்புறம், அந்தக் குட்டியிலேர்ந்து ஒரே நேரத்துல ரெண்டு ஸ்கிரீன் எடுக்க முடியுமான்னு கேட்டான். ரெண்டு ஓட்டை இருந்தா முடியும்னேன். சந்தோஷமா ஓடினான்."

மேடம் கைப்பையைத் திறந்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாரே, அதை எடுத்து மேஜையில் வைத்தார். கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள். ஒன்றல்ல, இரண்டு.

"மேஜைக்கு அடியில கிடந்துச்சு. ஒரு ஸ்கிரீன், ஒரு ஒயர். ஒரு ஒயருக்கு எதுக்கு ரெண்டு மூடியைத் திறந்தான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

"மேடம்," என்றேன்.  "அம்பு ஓரத்தைத் தாண்டிப் போச்சு."

ரிப்பேர்காரர் நிமிர்ந்தார். "ஒத்தை ஸ்கிரீன்னா அம்பு ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும் தம்பி. தாண்டிப் போச்சுன்னா அந்தப் பக்கம் இன்னொரு ஸ்கிரீன் இருக்குன்னு அர்த்தம்."

"கரண்ட் ஒயரைப் பிடுங்கும்போது பாத்தேன். இன்னொரு கறுப்பு ஒயர் சுவத்துல இருந்த துளைக்குள்ள போச்சு. இன்டர்நெட் ஒயர்னு நினைச்சேன்."

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?" மேடம் கேட்டது என்னை. பதில் சொன்னது அக்கா.

"குரல் ரூம்." போனைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். "விளம்பரத்துக்குப் பேசறவங்க உக்காந்து பேசற ரூம். படத்தைப் பாத்துக்கிட்டே பேசறதுக்கு உள்ள ஒரு ஸ்கிரீன் வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கான். நாலு மாசமா பேசறதெல்லாம் வெளியில நடக்குது, அந்த ரூம்ல அட்டைப் பெட்டி அடுக்கிட்டாங்க, கண்ணாடியை மறைச்சு அலமாரி போட்டுட்டாங்க, கதவுக்கு உள்பக்கத்துப் பிடி கூட கழண்டு போச்சுன்னு..." நிறுத்தினார். போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சொன்னார். "உள்ள எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கேக்காதுக்கா, சூப்பர் ரூம்க்கான்னு சிரிப்பான்."

மேடம் ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டார். அவர் போனை அணைத்து வைத்திருந்தார்.

*

டாக்ஸி சிக்னலில் நின்றது. அடுத்த சிக்னலிலும் நின்றது. முன்னால் ஒரு லாரி பின்னோக்கி வந்து தெருவையே அடைத்துக்கொண்டது. மேடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஸ்டுடியோக்காரரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.  நாலு வேளை, நாலு வேளை என்று என் மனசு அதையே பிடித்துக்கொண்டு தொங்கியது.

அக்கா கண்ணாடியை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். தலையையும் தோளையும் வெளியே நீட்டி ஊதினார் பாருங்கள், அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. தினமும் காலையில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் அதட்டி அடக்குகிற விசில் அது. லாரிக்காரன் பயந்து முன்னால் போனான். சைக்கிள்காரர் ஒதுங்கினார். அக்கா ஒரு கையால் டாக்ஸியின் கதவைத் தட்டி, "ரைட், ரைட், போங்க, போங்க!" என்று அழுதுகொண்டே கத்தினார். டிரைவர் கண் மண் தெரியாமல் ஓட்டினார்.

ஸ்டுடியோவில் பூட்டு தொங்கியது. காலரைப் பிடித்த விவகாரத்தைப் புகார் கொடுக்க மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"பின்பக்கம்," என்றார் மேடம். "வாசல் கேமராவுல படாம அவன் வந்த வழி ஒண்ணு இருக்கணும்."

கட்டடத்தைச் சுற்றி ஓடினோம். சாமான் ஏற்றும் இரும்புப் படி. மேலே கம்பிக் கதவு. கம்பிக்குள் கையை விட்டால் எட்டுகிற தூரத்தில் தாழ்ப்பாள். வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த சௌகரியம் அது. மேடத்தின் கை மெலிந்த கை, எட்டியது.

இருட்டான நடை. இடது பக்கம் தடித்த கதவு, விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. அதன் எதிரே தரையில் நாலாக மடித்த ஓர் அட்டைத் துண்டு. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் வைக்கிற அட்டை. அது வெளியே கிடந்தது.

கதவுக்கு வெளிப்பக்கம் நெம்பித் திறக்கிற கைப்பிடி ஒன்று இருந்தது. அக்கா அதைப் பிடித்து இழுத்தார்.

நாற்றமும் வெக்கையும்தான் முதலில் வந்தன. மேடம் டார்ச் அடித்தார். அட்டைப் பெட்டிகள் எல்லாம் சரிந்து கிடந்தன. கதவின் உள்பக்கத்தில் சத்தம் அடக்க ஒட்டியிருந்த பஞ்சு முழுக்கப் பிய்ந்திருந்தது. ஒரு மூலையில் சின்ன ஸ்கிரீன். அதற்குக் கீழே, முழங்காலை மடக்கிக்கொண்டு, அவன்.

"டேய் ராஜா!"

அக்கா அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டார். உதட்டோரத்தில் நுரை, ஈரமாக இருந்தது. நாக்கைக் கடித்திருந்தான். மேடம் அவன் மூக்கின் கீழ் விரல் வைத்தார். 

"இருக்கு," என்றார். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வலிப்பு இப்பதான் வந்து நின்னிருக்கு."

அக்கா பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்தார். அவசரமாகப் பிதுக்கியதில் மாத்திரை தெறித்து விழுந்தது. "நினைவில்லாதப்ப வாயில எதுவும் போடக் கூடாது, ஊசிதான் போடணும், ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு," என்று மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு வேளையைத் தவறவிட்டுவிட்டு, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? அக்கா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஸ்டுடியோக்காரர் ஒரு போலீஸ்காரருடன் உள்ளே வந்தது அப்போதுதான். நடையில் எங்களைப் பார்த்ததும் கத்த வாயைத் திறந்தார். கீழே பார்த்தார். வாய் அப்படியே நின்றது.

"இந்தக் கதவு..." என்றார். "முந்தாநாள் மத்தியானம் இது கொஞ்சம் திறந்து கிடந்துச்சு. ஏசி குளிர் வீணாப் போகுதேன்னு நான்தான்... காலால அட்டையைத் தள்ளிட்டு நான்தான் சாத்தினேன். உள்ள எட்டிக்கூடப் பாக்கலையே. உள்ள இருந்தவன் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே!"

"உங்களுக்குப் பயந்துதானே உள்ள இருந்தான்," என்றார் மேடம்.

அந்த மனிதர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாகக் குரல் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் அவனைத் திருடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். ஊசி போட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் கண் லேசாகத் திறந்தது. அக்காவைப் பார்த்தான். அடையாளம் தெரிய நேரமானது. தெரிந்ததும் கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

"அக்கா... ஸ்கிரீன் எரிஞ்சுது."

"பேசாதடா. பேசாம இரு."

"ஒரே இருட்டுக்கா. இன்னிக்கு எரிஞ்சுது. அம்பு உள்ள வந்துச்சு. அங்கயும் இங்கயும் ஓடுச்சு. யாரோ வெளியே இருக்காங்கன்னு தெரிஞ்சுது. எந்திரிச்சுத் தட்டினேன். கத்தினேன்." நாக்கு குழறியது. "அப்புறம் அணைஞ்சுபோச்சு. யாருக்கா அணைச்சது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அணைத்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான்.  ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான்ப்பா," என்றேன்.

அவனுக்கு என் மேல் கோபமில்லை. கோபப்படும் தெம்பு இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அணைஞ்ச பிறகும் தட்டினேண்ணே," என்றான். "ரொம்ப நேரம் தட்டினேன்."